ஏரியும் பூங்காவும்: சென்னை மேற்புறநகர்ச் சூழல் முயற்சிகளின் சொல்லாட்சி

ஒரு நிலத்து மக்கள் அந்நிலத்தைப் பேணும்பொழுது வழங்கும் சொற்களைக் கொண்டே, அதனை அவர்கள் எவ்வாறு காண்கின்றனர் என்பதைத் தெளியலாம். செய்யுளையும் உரையையும் ஆராய்வதுபோலவே ஊர்ப் பலகையிலும் துண்டறிக்கையிலும் விண்ணப்பத்திலும் பயிலும் சொற்களை ஆராய்தலும் தமிழ்த்துறையினர்க்குப் புறம்பான தொழில் அன்று. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் ஊர்களையும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளையும் தம் உறைவிடமாகக் கொண்ட மக்கள், தம் சூழலைக் காக்க அண்மைக் காலத்தில் பல முயற்சிகளை மேற்கொண்டுள்ளனர். அம்முயற்சிகளின் சொல்லாட்சியை ஈண்டு நோக்குவாம். நட்ட மரம் எத்தனை, தூர் வாரிய மண் எவ்வளவு என அளப்பது பிறர் பணி. அச்சொற்கள் ஏரியை என்னவாகக் காட்டுகின்றன என்பதே நம் வினா.

முதற்கண், இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள். திருவேற்காடு வேலமரக் காட்டால் பெயர் பெற்றது. வெள்வேலமே அக்கோயிலின் தலமரம். திருமுல்லைவாயில் முல்லைக் கொடியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது; தொண்டைமானின் யானை முல்லைக் கொடியில் சிக்கிய கதையை அத்தல வரலாறு கூறும். முன்னதனைச் சம்பந்தரும் பின்னதனைச் சுந்தரரும் பாடியுள்ளனர். பருத்திப்பட்டில் பருத்தி வெளிப்படையாகவே உள்ளது. பூவிருந்தவல்லியில் பூ உள்ளது. திருக்கச்சி நம்பிகள் அவ்வூரில் நந்தவனம் வைத்துக் கச்சி வரதர்க்கு மலர் கொண்டு சென்றார் என்பது வைணவ மரபு. (ஆவடி என்பது ஆங்கில முதலெழுத்துகளின் தொகுப்பு எனச் சொல்வாரும் உளர். அக்கூற்றை ஆராய்தற்கு இஃது இடமன்று. ஊர்ப்பெயரைக் கண்டவுடன் அதற்கோர் ஆங்கிலப் பொருள் தேடும் மனப்பாங்கு மட்டும் பின்னர் நமக்குப் பயன்படும்.) ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' என்னும் நூலைக் கற்றார்க்கு இவை புதியன அல்ல.

எனினும் இப்பெயர்களைக் கொண்டு, இது காடும் பூவும் நிறைந்த நிலம், ஆதலின் மரம் நடுவதே இந்நிலத்துக்கு உரிய பணி என முடிவு செய்தல் பொருந்தாது. பெயரில் நிற்பது மரம். ஊரைத் தாங்கி நின்றது ஏரி. தொண்டைநாட்டில் ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு இல்லை. வடகிழக்குப் பருவமழை ஒரு சில வாரங்களில் பெய்து தீர்வது. அதனைத் தேக்கி வைத்தாலன்றி உழவு இல்லை, ஊரும் இல்லை. குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரைத்த அறிவுரை புறநானூற்றின் பதினெட்டாம் பாட்டாக உள்ளது. நீரையும் நிலத்தையும் ஓரிடத்துக் கூட்டியவரே உடம்பையும் உயிரையும் படைத்தவர் என்னும் கருத்து அதில் விளங்கும். அக்கருத்து வைகைக்கரை வேந்தனுக்குச் சொல்லப்பட்டதாயினும், தொண்டைநாட்டு ஏரிகளே அதன் விரிவான உரை எனலாம்.

ஏரி என்னும் சொல் ஒரு நீர்நிலையை மட்டும் சுட்டுவதன்று. கரை, மதகு, மடை, கலங்கல், வரத்துக்கால், போக்குக்கால், ஆயக்கட்டு ஆகிய அனைத்தும் கூடிய ஓர் அமைப்பின் பெயர் அது. ஆயக்கட்டு என்பது ஏரியால் நீர் பெறும் வயற்பரப்பு. ஏரி எவர்க்கு உரியது என்னும் வினாவிற்கு விடை தருவதும் அதுவே. ஏர்த்தொழிலுக்கு உதவுதலின் ஏரி எனப்பட்டது என்பாரும் உளர். அச்சொல்முடிபு ஐயத்திற்கு இடமாயினும், அவ்வாறு கருதியோர் ஏரியைத் தொழிலோடு இணைத்தே கண்டனர் என்பது புலனாகும். ஆங்கிலேயர் காலத்துப் பதிவேடுகள் இதனை 'டேங்க்' என்றன. அதாவது, மக்கள் கட்டியது. இன்றைய புறநகர் மக்கள் 'லேக்' என்கின்றனர். அதாவது, இயற்கையாய் அமைந்தது, கரையில் நின்று காண்பதற்குரியது. (ஆவடியிலோ 'டேங்க்' என்னும் ஆங்கிலச் சொல், கனரக ஊர்தித் தொழிற்சாலை 1960களில் எழுந்தபின், டாங்கி என வடிவு திரிந்து போர் ஊர்தியைக் குறிக்கின்றது. ஏரியைக் குறித்த சொல் ஏரியை விட்டு நீங்கிய வேகம் வியப்புக்குரியது.) 'லேக்' எனச் சென்று மீண்டும் தமிழுக்குத் திரும்பும்பொழுது, ஏரி என்னும் சொல் தன் மதகையும் கலங்கலையும் வழியிலேயே இழந்துவிடுகின்றது.

இவ்விழப்பின் முடிந்த நிலையை முகப்பேரில் காணலாம். அங்கே ஒரு குடியிருப்புக்கு 'ஏரித் திட்டம்' என்று பெயர். முகவரியிலும் கடைப் பலகையிலும் அப்பெயரே வழங்குகின்றது. ஏரி அங்கில்லை, ஏரி இருந்த இடத்தில் வீடுகள் உள்ளன. மாம்பலத்து நெடிய ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் 1920களில் எழுந்தது நாடறிந்த செய்தி. முகப்பேரில் நிகழ்ந்தது அதனினும் நுட்பமான ஒன்று. பொருளை அழித்தவரே பெயரைப் போற்றி வைத்தனர். வேலங்காடு அழிந்தபின்னும் வேற்காடு என்னும் பெயர் நின்றமை மக்கள் வழக்கால் நேர்ந்தது. ஏரித் திட்டம் என்னும் பெயரோ அலுவலகத்தில் பிறந்தது. இரண்டையும் ஒரு தட்டில் வைத்தல் தகாது.

இனிப் பருத்திப்பட்டு. பூவிருந்தவல்லி ஆவடிச் சாலையை ஒட்டியுள்ள அவ்வேரி நெடுங்காலம் கழிவுநீரால் கெட்டிருந்தது. அதனைச் சீரமைத்து, கரையில் நடைபாதையும் நடுவே பறவைகளுக்குத் தீவுத்திட்டுகளும் படகும் அமைத்து, 2019-ஆம் ஆண்டில் திறந்தனர். அவ்விடத்தைப் 'பசுமைப் பூங்கா' எனச் செய்தித்தாள்கள் வழங்கின. நாறிக் கிடந்த நீர் தெளிந்தது பெரும்பேறு; அதனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் பெயரை நோக்குக. முகப்பேரில் ஏரி அழிந்து பெயர் நின்றது. இங்கு ஏரி நிற்கப் பெயர் பூங்கா ஆயிற்று. பூங்கா என்பது பயன் கருதாது இன்பம் கருதி அமைவது. திருக்கச்சி நம்பிகளின் நந்தவனம்கூட நடப்பதற்கு அமைந்ததன்று, பூப்பறித்தற்கு அமைந்தது. ஏரியைப் பூங்காவெனக் கருதுவார்க்கு நீர் எக்காலத்தும் ஒரே மட்டத்தில் நிற்றல் வேண்டும். கோடையில் வற்றுதல் குறையாகத் தோன்றும். ஏரியின் இயல்போ ஏறுவதும் இறங்குவதும். கார்த்திகையில் கலங்கல் வழியும் ஏரி, ஆனியில் தரை காட்டும். தரை காட்டும் காலமே தூர் வாருதற்குரிய காலம்.

இவ்விடத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு நினைவிற்கு வருகின்றது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அவ்வூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேரும் முறையை வகுத்தனர். ஏரி வாரியத்துக்கு அறுவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். குடவோலையின் பெருமை பாடநூல்தோறும் பேசப்படுவது. நம் நோக்கிற்கு வேண்டுவது அதுவன்று. ஏரியும் தோட்டமும் இரு வேறு வாரியங்களுக்கு உரியவாய் நின்றன என்பதே வேண்டுவது. ஏரியைப் பேணுதல் வேறு அறிவு, தோட்டத்தைப் பேணுதல் வேறு அறிவு என அச்சபையார் கருதினர். இவ்விரு வாரியங்களிலும் முன்னர்ப் பணியாற்றியவரை ஆட்டை வாரியத்துக்குத் தேர்ந்தமையால், இரண்டும் தக்கார்க்கே உரிய பணிகள் எனக் கருதப்பட்டமையும் விளங்கும். பருத்திப்பட்டில் தோட்ட வாரியத்தின் மொழி ஏரி வாரியத்தின் இடத்தைப் பற்றிக்கொண்டது.

உத்தரமேரூரைப் போற்றுவார் பலர் ஒன்றைச் சொல்லாது விடுவர். அஃது ஒரு சதுர்வேதிமங்கலம். வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவரும், சொந்த மனையில் வீடு கட்டியவரும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட அகவையினருமே குடவோலைக்கு உரியவர். மண் சுமந்தவர் பெயர் ஓலையில் ஏறவில்லை. ஆதலின் அவ்வாரியத்தை அப்படியே மீட்கவேண்டும் என்பார் கூற்றை நாம் உடன்படுவதற்கில்லை. நாம் எடுத்துக்கொள்வது சொற்பாகுபாட்டை மட்டுமே.

'பசுமை' என்னும் சொல் இன்று எங்கும் முந்தி நிற்கின்றது. தெருக்குழுவினர் கூடின் முதற்கண் நடுவது மரக்கன்று. ஒளிப்படத்திற்கு உகந்ததும் அதுவே. காரியாசான் சிறுபஞ்சமூலத்தில் ஐந்து அறங்களை ஓர் ஒழுங்கில் வைத்துள்ளார். குளம் தோண்டுதல் முதலாவது. அதனைச் சுற்றி மரம் வைத்தல் இரண்டாவது. வழி திருத்துதலும் வயல் ஆக்குதலும் கிணறு அமைத்தலும் அடுத்து வருவன. குளமின்றி மரம் அங்கில்லை. தொல்காப்பியர் நெறியில் கூறின், நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள். முதலைப் பேணாது கருவைப் பேணுதல் இலக்கணத்திற்கு ஒவ்வாதது மட்டுமன்று, நடைமுறைக்கும் ஒவ்வாதது என்பதற்குச் சான்றுண்டு. 1960களிலிருந்து தமிழகத்து ஏரிகளின் நீர்ப்பரப்பிலேயே கருவேலம் வளர்க்கப்பட்டது. விறகு கிடைத்தது, ஏரியின் உட்பரப்பு காடாயிற்று. அதுவும் பசுமைதான்.

அண்மையில் சப்பானிய அறிஞர் அகிரா மியாவாக்கியின் முறையைப் பின்பற்றி நகர்ப்புறத்துச் சிறு மனைகளில் நெருக்கமாக மரம் வளர்க்கின்றனர். 'அடர்வனம்' என்றும் 'குறுங்காடு' என்றும் பெயரிட்டுள்ளனர். இரண்டும் நல்ல ஆக்கங்கள். இரண்டனுள் குறுங்காடே சிறந்தது என்பது எம் கருத்து. அளவை மறையாது சொல்லுகின்றது.

இவற்றிடையே தனித்து நிற்பது கொரட்டூர். அவ்வூர் மக்கள் தம் இயக்கத்திற்கு இட்ட பெயர் 'கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம்' என்பது. இப்பெயரில் பசுமை இல்லை, சூழல் இல்லை, பூங்கா இல்லை, ஏரி இருக்கின்றது. ஊர்ப்பெயரும் உடன் இருக்கின்றது. அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து கழிவுநீர் தம் ஏரியில் வந்து கலப்பதைத் தடுக்குமாறு அவர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடினர்; ஆணைகளும் பெற்றனர். கழிவுநீர் அதனால் அறவே நின்றுவிட்டது எனக் கூறுதற்கில்லை. கூழைக்கடாக்கள் வருவதை அவர்கள் எடுத்துக்காட்டுவதும் உண்டு. ஆயினும் அவர்தம் முறையீட்டின் நடுவண் நிற்பது நீர் வரும் வழி. வரத்துக்காலை நோக்கிப் பேசும் மொழி அது. இப்பகுதியில் எழுந்த முயற்சிகளின் சொல்லாட்சியுள் இதுவே பெரிதும் செப்பமுடையது என்று துணிந்து கூறுவோம்.

ஆனால் அப்பெயரிலும் ஒரு சொல் நம்மைத் தடுத்து நிறுத்துகின்றது. 'பாதுகாப்பு' என்பது இருப்பதை இருந்தவாறே வைத்தல். ஏரியோ இருந்தவாறே வைத்தற்குரியதன்று. ஆண்டுதோறும் வேலை செய்தற்குரியது. கரை உயர்த்துவதும், தூர் வாருவதும், மதகுப் பலகை மாற்றுவதும் இல்லையேல் ஏரி தானே மேடாகிவிடும். இத்தொழிலுக்கு நம்மிடம் வழங்கிய சொல் 'குடிமராமத்து'. மராமத்து என்பது அரபு வழி வந்தது, குடி நம்முடையது. ஆங்கிலேயர் 1858-ஆம் ஆண்டின் முதலாவது சட்டத்தால் குடிமராமத்தைக் கட்டாய வேலையாக்கித் தண்டனையும் வகுத்தனர். ஆதலின் அச்சொல்லை இன்பக் கனவாகக் காண்பதற்கும் இடமில்லை. தமிழக அரசு 2017-ஆம் ஆண்டில் அப்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆயக்கட்டு உழவர் சங்கங்கள் செலவில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ தருதல் வேண்டும் என்பது அதன் முறை.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. கொரட்டூர் ஏரியின் ஆயக்கட்டு இன்று எங்கே? அம்பத்தூரின் தொழிற்பேட்டை 1960களில் எழுந்தது; வயல்கள் மனைகளாயின. ஏரிக்கு ஆயக்கட்டு இல்லை. ஆயக்கட்டு இல்லையெனின் குடிமராமத்தில் வரும் குடி யார்? உழவரைக் குடியெனக் கொண்ட சொல், உழவரில்லாத ஊரில் பொருளற்றுப் போகின்றதா? பொருளற்றது எனின் ஏரிக்கு உரியவர் எவரும் இலர் என்றாகும். உரியவர் இல்லாத ஏரி முகப்பேரைப் போல மற்றொரு திட்டமாகலாம். பருத்திப்பட்டைப் போலப் பூங்காவாகலாம். 2007-ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றும் வழியைக் கூறுகின்றது. அதற்கு மேல் குடி யார் என்பதைச் சட்டம் சொல்லாது. அதனைச் சொல்ல வேண்டியது வழக்கு.

எம் கருத்து வருமாறு: ஏரி நீரை வயலுக்குப் பாய்ச்சுவோன் மட்டும் அதன் குடியல்லன். ஏரியால் ஊறும் நிலத்தடி நீரைக் கிணற்றிலும் ஆழ்துளையிலும் எடுத்து உண்பவனும் குடி. 2003-ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய அவசரச் சட்டம், அறிந்தோ அறியாமலோ, ஒவ்வொரு வீட்டையும் ஒரு சிற்றேரியாக்கிற்று. வீட்டாரையும் அவ்வகையில் குடியாக்கிற்று. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் நீர்த்தேக்கங்கள் வறண்டபொழுது, சோலையார்பேட்டையிலிருந்து இருபத்தைந்து இலட்சம் லிட்டர் நீரை ஏற்றி முதல் தொடர்வண்டி சூலை 12 அன்று வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அவ்வண்டி ஆவடியையும் அம்பத்தூரையும் கொரட்டூரையும் கடந்தே வந்தது. மூன்று ஊர்களின் ஏரிகளும் இருப்புப்பாதைக்கு அணித்தாகவே உள்ளன. பருத்திப்பட்டுப் பூங்கா திறந்ததும் அவ்வாண்டே.

மற்றொரு சொல்லையும் ஆராய்தல் வேண்டும். 'உபரிநீர்' என்பது அது. செம்பரம்பாக்கத்திலிருந்து 2015 திசம்பரில் அடையாற்றில் நொடிக்கு இருபத்தொன்பதாயிரம் கன அடி வரை நீர் விடப்பட்டபின் அச்சொல் வீடுதோறும் அறிந்த சொல்லாயிற்று. அச்சத்தின் சொல்லும் ஆயிற்று. உபரி என்பது மிகை, வேண்டாதது. தொடர்ஏரிகளில் அத்தகைய நீர் இல்லை. அம்பத்தூர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியின் அது கொரட்டூருக்கு வரத்து. கொரட்டூரில் வழிவது மாதவரத்து இரட்டை ஏரிக்கு வரத்து. மேலேரியின் போக்குக்காலே கீழேரியின் வரத்துக்கால். ஒரே வாய்க்காலுக்கு நின்ற இடம் நோக்கி இரு பெயரிட்ட பழைய வழக்கில் அவ்வுறவு தெளிவாக நின்றது. உபரி என்னும் சொல் அதனை மறைத்துவிட்டது. மிகை எனக் கருதியபின் அவ்வாய்க்காலில் எதனையும் விடலாம் என்னும் எண்ணம் எளிதில் எழும். வாய்க்காலைக் குறுக்கிக் கட்டடம் எழுப்புதலும் எளிதாம். கொரட்டூருக்கு நேர்ந்த துன்பம் முழுதும் ஒரு சொல்லால் வந்தது எனல் மிகையாகும். சொல்லுக்கும் அதில் பங்குண்டு எனல் மிகையன்று.

ஊர்க்குழுக்களின் எல்லையும் இதனால் விளங்கும். ஒவ்வொரு குழுவும் தன் ஏரியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அம்பத்தூரும் கொரட்டூரும் சென்னை மாநகராட்சியின் ஏழாம் மண்டலத்தில் உள்ளன; மாதவரம் மூன்றாம் மண்டலத்தில். மூன்று ஏரிகளையும் ஒருங்கே சுட்டும் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அம்பத்தூர்த் தெருவொன்றில் தன் கழிவுநீரைக் கால்வாயில் விடாது குழாயில் சேர்க்கும் வீட்டார், தாம் கண்டறியாத இரட்டை ஏரியைக் காக்கின்றனர். அதனை அவர்க்கு உணர்த்தும் சொல் வழக்கில் இல்லை. உழவரிடம் இருந்தது. தலைமடை, கடைமடை என்பன அச்சொற்கள். தலைமடையார் நீரை அடைத்துக்கொண்டனர் என்பது கடைமடையாரின் தொன்றுதொட்ட முறையீடு. இன்று அதே நிலையில் கொரட்டூரார் அம்பத்தூராரை நோக்கி நிற்கின்றனர். அவர் முறையீடு நீர் வரவில்லை என்பதன்று, வருவது நீரன்று என்பது. இத்தகைய வழக்கைப் பேசுதற்குக் கடைமடை என்னும் சொல்லினும் தக்கது வேறில்லை. துண்டறிக்கைகளில் அதனை எடுத்தாளுவார் உளராயின் நன்று.

இப்பகுதியின் மதகுகளுக்கும் கலங்கல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. பழைய நிலப் பத்திரங்களின் எல்லைக் குறிப்புகளிலும் நில அளவைப் பதிவேடுகளிலும் அவற்றைத் தேடிக் காணலாம்; அயப்பாக்கத்திலும் பருத்திப்பட்டிலும் முன்னர்ப் பயிரிட்ட குடும்பத்து முதியோரிடம் கேட்டும் அறியலாம். சேதுப்பிள்ளை ஊர்ப்பெயர்க்குச் செய்ததை நீர்ப்பெயர்க்குச் செய்ய முன்வரும் முதுகலை மாணவர், அம்பத்தூர் ஏரியின் கலங்கலில் தொடங்கி வாய்க்காலின் வழியே நடந்து இரட்டை ஏரி வரை செல்லலாம். வழியில் கட்டடங்கள் குறுக்கிடும் இடங்களில் பழைய பத்திரமே வழிகாட்டும்.